டேட்டா கசிந்த கடிதம் வந்தால்: அமெரிக்காவில் உங்கள் கிரெடிட்டைப் பூட்டி வைக்கும் வழி

ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமோ, செல்போன் கம்பெனியோ, எப்போதோ கடனுக்கு விண்ணப்பித்த வங்கியோ உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. யாரோ எங்கள் கணினிகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டார்கள், உங்கள் தகவல்களும் அதில் இருந்திருக்கலாம் என்று இரண்டு பக்கத்துக்கு இழுத்து எழுதியிருப்பார்கள். பலர் அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சிலர் படித்துப் பயந்துபோய், கிரெடிட் கார்டை மட்டும் மாற்றிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச காலமே ஆனவர்கள், கிரெடிட் ஸ்கோர் என்றால் என்ன என்று இப்போதுதான் பழகிக்கொண்டிருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் முக்கியமான வேலை முடிந்துவிடும், அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

அதில் பார்க்க வேண்டியது, என்னென்ன வெளியே போயிருக்கிறது என்பதைத்தான். கார்டு எண் மட்டும் போயிருந்தால் வங்கி புது கார்டு தந்துவிடும், பழைய எண் செத்துப்போகும். பாஸ்வேர்ட் போயிருந்தால் மாற்றிவிடலாம், அதே பாஸ்வேர்டை வேறு இடங்களிலும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது எஸ்.எஸ்.என்., பிறந்த தேதியோடு சேர்ந்து போயிருந்தால் கதையே வேறு. பிறந்த தேதியை யாரும் மாற்ற முடியாது. எஸ்.எஸ்.என்.னையும் லேசில் மாற்றித் தர மாட்டார்கள். அந்த ஒன்பது இலக்கம் உங்கள் ஆயுள் முழுக்கக் கூட வரும், திருடியவனிடமும் அதே ஆயுளுக்கு இருக்கும். இன்றைக்கே பயன்படுத்த வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு இல்லை, நாலு வருடம் கழித்து வேறொருவனுக்கு விற்கலாம்.

கடிதமே வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். 2017-ல் ஈக்விஃபாக்ஸில் நடந்ததைப் பாருங்கள், மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் கிரெடிட் பியூரோக்களில் ஒன்று அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தது, அதை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது, அவர்கள் போடவில்லை. மே முதல் ஜூலை வரை உள்ளே இருந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், எஸ்.எஸ்.என்., பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மக்களுக்குத் தெரிந்தது செப்டம்பர் 7-ம் தேதிதான். அந்த 14.7 கோடிப் பேரில் பெரும்பாலோர் ஈக்விஃபாக்ஸிடம் போய் எதையும் வாங்கியவர்கள் இல்லை. கார்டு வாங்கினார்கள், கார் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான், தகவல் தானாக அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பு 2015-ல் ஆன்தம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 7.9 கோடிப் பேருடையது போனது. 2024-ல் சேஞ்ச் ஹெல்த்கேர், அதே வருடம் நேஷனல் பப்ளிக் டேட்டா என்று பட்டியல் நீள்கிறது. இந்த நாட்டில் சில வருடம் வேலை பார்த்த யாராக இருந்தாலும், தன் எண் எங்கோ வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடப்பதுதான் சரி.

திருடன் அந்த எண்ணை வைத்து என்ன செய்வான்

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அவன் உங்கள் பெயரில் ஒரு கார்டுக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கிறான். முகவரி அவனுடையது, பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் உங்களுடையது. கடன் கொடுக்கும் வங்கிக்கு உங்களை நேரில் தெரியாது, அது கிரெடிட் பியூரோவிடம் போய் இந்த எஸ்.எஸ்.என்.காரர் ஒழுங்காகக் கட்டுபவரா என்று கேட்கிறது. நீங்கள் வருடக்கணக்கில் ஒழுங்காகக் கட்டியதால் பியூரோ நல்ல பதில் சொல்கிறது, பணம் அவன் கைக்குப் போகிறது, தவணை நிற்கிறது, வசூல்காரர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள். நீங்கள் சேர்த்து வைத்த நல்ல பெயர்தான் அவனுக்கு மூலதனம்.

அப்படியானால் தடுக்க வேண்டிய இடம் எது? வங்கி பியூரோவிடம் கேட்கும் அந்த ஒரு கணம். அங்கே உங்கள் ஃபைல் பூட்டப்பட்டிருந்தால் வங்கியால் பார்க்க முடியாது, பார்க்க முடியாத ஆளுக்குப் பெரும்பாலும் யாரும் கடன் கொடுப்பதில்லை. இந்தப் பூட்டுக்குத்தான் கிரெடிட் ஃப்ரீஸ் அல்லது செக்யூரிட்டி ஃப்ரீஸ் என்று பெயர். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

ஃப்ரீஸ் போடுவது

மூன்று பெரிய பியூரோக்கள் இருக்கின்றன: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். மூன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டால் மற்ற இரண்டுக்கும் போகாது, திருடன் விண்ணப்பிக்கும் வங்கி எந்தப் பியூரோவைக் கேட்கும் என்று நமக்குத் தெரியாது. கணவன் மனைவி சேர்ந்து கணக்கு வைத்திருந்தாலும் ஃபைல் ஆளுக்கொன்று, அதனால் இருவர் இருந்தால் ஆறு ஃப்ரீஸ்.

முன்பெல்லாம் பல மாநிலங்களில் இதற்குக் கட்டணம் வாங்கினார்கள், போடுவதற்கு ஒரு தடவை, எடுப்பதற்கு ஒரு தடவை. ஈக்விஃபாக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு வந்த கூட்டாட்சிச் சட்டத்தால் 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுக்க இலவசம். போடுவது, தற்காலிகமாக எடுப்பது, மறுபடி போடுவது, எல்லாமே. ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் போட்டாக வேண்டும், எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தபாலில் கேட்டால் கடிதம் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள்.

இப்போது உட்காருங்கள். எஸ்.எஸ்.என். அட்டை, ஓட்டுநர் உரிமம், கடந்த இரண்டு வருடங்களில் இருந்த முகவரிகள், இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியூரோவின் தள முகவரியை நீங்களே கையால் டைப் செய்யுங்கள். தேடுபொறியில் தேடி முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டாதீர்கள், கசிவுச் செய்தி வந்த வாரங்களில் போலித் தளங்கள் முளைக்கும். உள்ளே போய் ஒரு கணக்கு திறக்க வேண்டியிருக்கும். அடையாளத்தைச் சரிபார்க்கச் சில கேள்விகள் கேட்பார்கள்: இந்த முகவரிகளில் எதில் இருந்தீர்கள், இந்தக் கார் கடனின் மாதத் தவணை எவ்வளவு என்கிற மாதிரி. சில கேள்விகளுக்குச் சரியான பதில் 'இவற்றில் எதுவும் இல்லை' என்பதாகவே இருக்கும், குழம்பிப்போய் எதையாவது தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது, பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, எஸ்.எஸ்.என். அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் இனிஷியலோடு ஒரு மாதிரி, அலுவலகத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறி இன்னொரு மாதிரி. பியூரோவின் ஃபைலில் இருக்கும் பெயர் பெரும்பாலும் நீங்கள் முதல் கார்டுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த பெயராக இருக்கும், ஆன்லைனில் சரிபார்ப்பு தோற்றால் முதலில் அந்த வடிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் போன் செய்யுங்கள், அதுவும் முடியாவிட்டால் அடையாள அட்டை நகலும் முகவரிக்கு ஒரு பில்லும் வைத்துத் தபாலில் அனுப்புங்கள். வந்து சில மாதங்களே ஆகி, கிரெடிட் வரலாறே மெலிதாக இருப்பவர்களுக்கு ஆன்லைன் சரிபார்ப்பு தோற்பது சகஜம். அதற்காக விட்டுவிடக் கூடாது.

தளத்துக்குள் நீங்கள் போனதும் வேறு பல பொருட்களை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மாதம் இவ்வளவு டாலர் கொடுத்தால் கண்காணிக்கிறோம், ஸ்கோரை உயர்த்துகிறோம், 'லாக்' போட்டுத் தருகிறோம் என்று பெரிய பொத்தான்கள் பளிச்சென்று இருக்கும், ஃப்ரீஸ் என்ற சொல் எங்கோ ஓரத்தில் சின்னதாக இருக்கும். அந்தச் சின்னதைத்தான் நீங்கள் தேட வேண்டும். லாக்கும் ஃப்ரீஸும் பார்க்க ஒரே மாதிரிதான் வேலை செய்யும், ஆனால் ஃப்ரீஸ் சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை, லாக் அந்த நிறுவனம் தன் நிபந்தனைகளோடு விற்கும் அல்லது கொடுக்கும் ஒரு சேவை. இலவசமாக உரிமையே இருக்கும்போது நிபந்தனைக் காகிதத்தில் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

மூன்றும் முடிந்ததும், ஒவ்வொரு கணக்கின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் பாஸ்வேர்ட் மேனேஜரில் வையுங்கள். பின் எண் கொடுத்தால் அதையும். தபாலில் உறுதிக் கடிதம் வந்தால் எடுத்து வையுங்கள். இந்தக் கணக்குகளின் பாஸ்வேர்ட் வேறு எங்கும் பயன்படுத்தாத ஒன்றாக இருக்கட்டும். பூட்டின் சாவியே அதுதானே.

ஃப்ரீஸோடு வாழ்வது

ஸ்கோர் குறையுமா என்று பலரும் கேட்பார்கள். குறையாது. ஏற்கெனவே இருக்கும் கார்டுகள் வழக்கம்போல் வேலை செய்யும், அந்த வங்கிகள் உங்கள் ஃபைலைத் தொடர்ந்து பார்க்கவும் முடியும், நீங்களும் பார்க்கலாம். தடைபடுவது புதிதாக யாராவது பார்ப்பதுதான். அதனால் புது கார்டு, கார் கடன், வீட்டுக் கடன், சில சமயம் வாடகை அபார்ட்மென்ட், போஸ்ட்பெய்டு செல்போன், மின் இணைப்பு, இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும். எந்தப் பியூரோவைப் பார்ப்பீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், அதை மட்டும் திறந்தால் போதும். வீட்டுக் கடன் என்றால் வழக்கமாக மூன்றையும் பார்ப்பார்கள். திறக்கும்போது 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று கொடுங்கள், தானாகவே மூடிக்கொள்ளும். நிரந்தரமாக எடுத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 'அப்புறம்' வராது.

எத்தனை நாள் வைத்திருப்பது? எப்போதும். கசிவுச் செய்தி அடங்கிவிட்டது, ஆறு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை, எடுத்துவிடலாம் என்று தோன்றும். எண் மாறவில்லையே, பிறகு ஏன் எடுக்க வேண்டும்? மூடியிருப்பதுதான் சாதாரண நிலை, திறப்பது தேவைக்கு மட்டும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ராடு அலர்ட் என்று இன்னொன்று உண்டு. புதிதாகக் கடன் கொடுப்பவர் உங்கள் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்று ஃபைலில் ஒரு குறிப்பு போடுவது. ஒரு பியூரோவிடம் சொன்னால் அவர்களே மற்ற இரண்டுக்கும் சொல்வார்கள், ஒரு வருடம் இருக்கும், பிறகு புதுப்பிக்கலாம். நல்லதுதான், ஆனால் ஃபைல் திறந்தேதான் இருக்கும், சரிபார்ப்பது கடன் கொடுப்பவரின் கையில். வீட்டுக் கடனுக்கு நடுவில் இருப்பதால் இப்போது ஃப்ரீஸ் போட முடியாது என்பவர்களுக்கு இது இடைக்கால ஏற்பாடு. இரண்டையும் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள்

ஃப்ரீஸ் இனிமேல் வருவதைத் தடுக்கும், ஏற்கெனவே நடந்துவிட்டதைக் காட்டாது. அதற்கு கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது பியூரோவில் இருக்கும் உங்கள் ஃபைலின் நகலை, எடுக்க வேண்டும். சட்டப்படி இலவச ரிப்போர்ட் தரும் தளம் ஆன்யூவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம், தொலைபேசி 1-877-322-8228. இதே மாதிரி ஒலிக்கும் வேறு தளங்கள் கார்டு எண் கேட்கும், அவை வேண்டாம். பெயரில் 'ஆன்யூவல்' இருந்தாலும் மூன்று பியூரோக்களிடமிருந்தும் வாரம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், 2023-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ரிப்போர்ட் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் முகவரிகளைப் பாருங்கள், நீங்கள் ஒருநாளும் இருந்திராத ஊர் இருக்கிறதா என்று. அடுத்து கணக்குகள், திறக்காத கார்டோ கடனோ உண்டா. பிறகு 'ஹார்ட் இன்குவயரி' பகுதி, யார் யார் உங்களுக்குக் கடன் கொடுப்பதற்காக ஃபைலைப் பார்த்தார்கள் என்ற பட்டியல், இரண்டு வருடம் அங்கே இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத வங்கியின் பெயர் அங்கே தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. வங்கியின் பெயர் புரியவில்லை என்பதாலேயே மோசடி என்று முடிவுக்கு வராதீர்கள், கடைகளின் கார்டுகளை வேறு பெயருள்ள வங்கிகள் நடத்தும். அப்புறம், ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு பேரின் விவரம் ஒரே ஃபைலில் கலந்துபோவதும் உண்டு. நம் பெயர்கள் இங்கே பலவிதமாக உடைபடுவதால் இதையும் கவனித்துப் பாருங்கள். திருட்டு இல்லை என்றாலும் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டிய பிழை அது.

பியூரோவைத் தாண்டிய வழிகள்

மூன்று பியூரோவைப் பூட்டியும் சில வழிகள் மிச்சமிருக்கும். இவற்றில் முக்கியமானது வருமான வரி. உங்கள் எஸ்.எஸ்.என்.னை வைத்து யாராவது முன்னதாகவே பொய்க் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டை வாங்கிக்கொண்டால், நீங்கள் தாக்கல் செய்யும்போது ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும், அதைச் சரிசெய்வது நீண்ட வேலை. வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இதற்கு ஐ.பி. பின் என்ற ஆறு இலக்க எண் தருகிறது. அது இல்லாமல் உங்கள் பெயரில் மின்தாக்கல் செய்ய முடியாது. முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை இருந்தது, 2021 முதல் அடையாளத்தை நிரூபிக்கக்கூடிய யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எஸ்.எஸ்.என். இல்லாமல் வரிக்காக மட்டும் ஐ.டி.ஐ.என். என்ற எண் வைத்திருப்பவர்களும்கூட. ஒவ்வொரு வருடமும் புது எண் வரும், தாக்கல் செய்வதற்கு முன் ஐ.ஆர்.எஸ். கணக்கில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வரி ஆடிட்டரைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்லக் கூடாது, ஐ.ஆர்.எஸ். போன் செய்து அதைக் கேட்காது.

வங்கிக் கணக்கு திறப்பதற்கு வங்கிகள் பலவும் பார்ப்பது செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தை. செல்போன், மின்சாரம், இணைய நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பதிவேடு என்.சி.டி.யூ.இ. நாலாவது பியூரோ மாதிரி இன்னோவிஸ் என்று ஒன்று. மூன்றிலும் இலவசமாக ஃப்ரீஸ் போடலாம், முதல் நாளே வேண்டாம், அடுத்த வார இறுதியில் செய்யுங்கள். உங்கள் எண்ணில் வேறொருவர் வேலைக்குச் சேராமல் இருக்க வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான இ-வெரிஃபையில் செல்ஃப் லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் வேலை மாறும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது நிறுவனம் உங்களைச் சரிபார்க்கும்போது பொருந்தவில்லை என்று வரும், விசாவில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லாத தலைவலி. சோஷியல் செக்யூரிட்டி தளத்திலும் வரவிருக்கும் தபால்களின் படத்தை முன்கூட்டியே காட்டும் தபால் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரியிலும் உங்கள் பெயரில் நீங்களே முந்திக்கொண்டு கணக்கு திறந்து வையுங்கள், வேறொருவர் திறப்பதற்குள்.

செல்போன் எண்ணை மறந்துவிடாதீர்கள். திருடன் உங்கள் விவரங்களைச் சொல்லி நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால், வங்கி அனுப்பும் கோட் எல்லாம் அவனுக்குப் போகும். செல்போன் கம்பெனியின் ஆப்பில் கணக்குக்குப் பின் போடுங்கள், நம்பர் லாக் அல்லது போர்ட்-அவுட் தடை என்று இருக்கும், அதையும் போடுங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் எஸ்.எம்.எஸ். கோடுக்குப் பதிலாக, போனிலேயே கோட் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைக்க முடிந்தால் வையுங்கள். இரண்டில் மின்னஞ்சலை முதலில் செய்யுங்கள், மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அதுதான்.

ஏற்கெனவே இருக்கும் கணக்குகளை ஃப்ரீஸ் காப்பாற்றாது என்பதால், கார்டுகளில் ஒவ்வொரு செலவுக்கும் அறிவிப்பு வரும்படி வையுங்கள். கிரெடிட் கார்டில் மோசடி நடந்தால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு அப்படி இல்லை. தொலைந்ததோ திருட்டோ தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 டாலர் வரை, ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு போவது முழுவதும் உங்கள் தலையில் விழலாம். பல வங்கிகள் இதைவிடத் தாராளமாக நடந்துகொள்கின்றன, ஆனாலும் கடைகளிலும் ஆன்லைனிலும் டெபிட் கார்டைக் குறைத்துக்கொள்வது நல்லது.

உதவுவதாக வரும் அழைப்புகள்

கசிவுக்குப் பிறகு வரும் இரண்டாவது அலை இது. உங்கள் பெயர், முகவரி, எஸ்.எஸ்.என்.னின் கடைசி நாலு எண்ணைச் சொல்லி, வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். கடைசி நாலு எண் தெரிந்திருப்பதால் அவர்கள் வங்கி ஆகிவிட மாட்டார்கள், அந்த எண் கசிந்ததால்தானே இத்தனையும். போனை வைத்துவிட்டு கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். போனுக்கு வந்த கோடைப் படித்துச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. விசாவில் இருப்பவர்களை நாடு கடத்துவோம் என்று மிரட்டி, கிஃப்ட் கார்டில் பணம் கேட்பவர்களும் உண்டு. எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டு வாங்காது.

போலித் தளத்தை நாம் கண்டுபிடித்துவிடுவோம் என்று நம்ப வேண்டாம். 2017-ல் ஈக்விஃபாக்ஸ் கசிவுக்கென்றே தனியாக ஒரு தளம் திறந்தது. அதே சொற்களை இடம் மாற்றிப் போட்டு, இது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காக ஒருவர் போலித் தளம் ஒன்றை உருவாக்கினார். ஈக்விஃபாக்ஸின் சொந்த ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலி இணைப்பைக் கொடுத்தது. நிறுவனத்துக்குள் இருப்பவர்களே ஏமாந்த இடத்தில் நாம் இணைப்பைப் பார்த்து முடிவு செய்வதைவிட, எதையும் தட்டாமல் நாமே முகவரி டைப் செய்வது பாதுகாப்பு.

ஏதாவது கண்டுபிடித்துவிட்டால்

ரிப்போர்ட்டில் உங்களுடையது அல்லாத கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஃப்ரீஸ், இன்னும் போடவில்லை என்றால். பிறகு அந்தக் கணக்கைத் திறந்த வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள், இது என் கணக்கு இல்லை என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். தொகை சின்னதாக இருக்கிறது, கட்டித் தொலைத்துவிடலாம் என்று ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள், கட்டினால் உங்கள் கடன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்து ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் தளம். நுகர்வோரைப் பாதுகாக்கும் கூட்டாட்சி அமைப்பான எஃப்.டி.சி. நடத்துவது, இலவசம். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் ஒரு அடையாளத் திருட்டு அறிக்கையும், யாருக்கு என்ன கடிதம் அனுப்ப வேண்டும் என்ற திட்டமும், கடித மாதிரிகளும் தரும். அந்த அறிக்கைதான் உங்கள் ஆயுதம். அதோடு அடையாளச் சான்றும் வைத்துப் பியூரோவுக்கு எழுதினால், மோசடியால் வந்த விவரத்தை நான்கு வேலை நாளுக்குள் தடுத்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாதாரண மறுப்பு என்றால் விசாரிக்கப் பொதுவாக 30 நாள் எடுத்துக்கொள்வார்கள், அதனால் அறிக்கையோடு போவதுதான் வேகமான வழி. அதே அறிக்கையைக் காட்டினால் ஏழு வருட ஃப்ராடு அலர்ட்டும் கிடைக்கும். சில வங்கிகள் போலீஸ் புகார் நகலும் கேட்கும், உள்ளூர் காவல் நிலையத்தில் எஃப்.டி.சி. அறிக்கையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடிதங்களை ரசீதோடு கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாரிடம் எப்போது பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள், மூன்று மாதம் கழித்து அந்த நோட்டுதான் உங்களுக்குக் கை கொடுக்கும். வசூல் ஏஜென்சி கடிதம் அனுப்பினால் 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்துவிடுங்கள். பியூரோவோ வங்கியோ இழுத்தடித்தால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை வாங்கும் கூட்டாட்சி அமைப்பான சி.எஃப்.பி.பி.யின் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

குழந்தைகள், ஊர் திரும்புகிறவர்கள்

இங்கே பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களில் எஸ்.எஸ்.என். வந்துவிடும், அதன் பெயரில் கிரெடிட் ஃபைல் இருக்காது, பதினெட்டு வருடம் யாரும் பார்க்கவும் மாட்டார்கள். திருடனுக்கு இதைவிட வசதி ஏது. 16 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இலவசமாக ஃப்ரீஸ் போடலாம். ஃபைல் இல்லாவிட்டால் பியூரோ ஒன்றை உருவாக்கி அதைப் பூட்டி வைக்கும். பிறப்புச் சான்றிதழ், எஸ்.எஸ்.என். அட்டை, உங்கள் அடையாள அட்டை, இவற்றின் நகல்களோடு தபால் வழியாக மூன்று பியூரோவுக்கும் அனுப்ப வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஆனால் கல்லூரிக்குப் போகும் வயதில் அந்தப் பிள்ளை தன் பெயரில் பழைய கடனைக் கண்டுபிடிப்பதை நினைத்தால் இந்த அலுப்பு ஒன்றுமே இல்லை. 16 தாண்டியவர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளலாம்.

வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. நீங்கள் கிளம்பினாலும் உங்கள் எஸ்.எஸ்.என். இங்கேயே இருக்கிறது, உங்கள் நல்ல ஸ்கோரும் இருக்கிறது, கடிதம் வந்தால் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. அமெரிக்க முகவரியும் போன் நம்பரும் கையில் இருக்கும்போதே மூன்று ஃப்ரீஸையும் போட்டுவிடுங்கள், அங்கே போன பிறகு அடையாளத்தை நிரூபிப்பது பெரும் பாடு. பியூரோ கணக்குகளில் இருக்கும் மின்னஞ்சல் அலுவலக மின்னஞ்சல் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இனி தேவைப்படாத கார்டுகளை மூடிவிட்டு, வைத்துக்கொள்ளும் ஒன்றிரண்டுக்கு மட்டும் ஆன்லைன் ஸ்டேட்மென்ட்டும் செலவு அறிவிப்பும் வரும்படி மாற்றுங்கள்.

கடைசியாக, கசிய விட்ட நிறுவனம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இலவசக் கண்காணிப்பு தருகிறோம் என்று கடிதத்தின் அடியில் ஒரு கோட் கொடுத்திருக்கும். பதிவு செய்துகொள்ளுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் கார்டு எண் கேட்டால் நிறுத்துங்கள், இலவசக் காலம் முடிந்ததும் தானாகக் கட்டணத்துக்கு மாறுகிறதா என்று பாருங்கள். கண்காணிப்பு என்பது வீட்டில் திருடு போன பிறகு அடிக்கும் மணி, அதை நம்பி ஃப்ரீஸைத் தள்ளிப்போடக் கூடாது. கடிதத்தையும் அந்தக் கோடையும் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் வழக்கு நடந்து இழப்பீடு அறிவித்தால், ஈக்விஃபாக்ஸ் விஷயத்தில் 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆன மாதிரி, உரிமை கோருவதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், நீங்கள் செலவழித்த நேரத்துக்கும் பணத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். மேலே சொன்ன நோட்டும் தபால் ரசீதுகளும் அங்கேயும் உதவும்.